பின்சக்கரத்து ஜோடி

சனிக்கிழமை, மாலை 6.50

பாலத்துக்கு நூறடி முன்னால் தார் அரித்துப்போய், சாலை வரிவரியாகக் கிடக்கும். அங்கேதான் பால் வண்டிக்காரர் பிரேக்கை மிதித்தார். தூறிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. கீழே ஓடையில் ஒரு சாம்பல் நிறக் கார் குப்புறக் கிடக்க, அதன் முன்விளக்கு ஒன்று மட்டும் தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு நாற்பத்தாறு வயது இருக்கும், உயிர் இல்லை. பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி கால் நசுங்கி முனகிக்கொண்டிருந்தார். அவர் கையில் இறுக்கிப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பைக்குள் ஒரு குழந்தையின் இன்ஹேலர் இருந்தது.

"வேகமா வந்திருக்கார்," என்றார் ஏட்டு. "எழுதிரலாம் மேடம்."

ஏட்டுக்கு எதையும் எழுதிவிட்டால் போதும். இன்ஸ்பெக்டருக்கு அந்தப் புண்ணியம் கிடையாது. வந்த வழியெல்லாம் ஜீப் அவளுடைய இடுப்பைப் பதம் பார்த்திருந்தது. அந்த எரிச்சலோடு சாலையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சக்கரம் தேய்ந்த தடம் தொடர்ச்சியாக இல்லை. ஒரு முழம் கறுப்பு, ஒரு முழம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு முழம் கறுப்பு. வண்டி துள்ளித் துள்ளிப் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00

மோட்டார் வாகன ஆய்வாளர் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றபடியே அறிக்கையைப் படித்துக் காட்டினார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போனவை. ஒன்றில் எண்ணெய் முழுக்க வடிந்துவிட்டது. வரி விழுந்த சாலையில் பிரேக் போட்டதும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கிறது.

"சக்கரம் தரையில இல்லன்னா பிரேக் எதைப் பிடிக்கும் மேடம்? காத்தையா?"

அவர் போன பத்தாவது நிமிடம் இறந்தவரின் தம்பி வந்தான். குடும்பத்தோடு மலைப்பக்கம் உல்லாசப் பயணம் போனவன், விபத்துச் செய்தி கேட்டு இரவோடு இரவாகத் திரும்பியிருந்தான். குழந்தைக்கு மூச்சுத்திணறல், இன்ஹேலரை வீட்டில் மறந்துவிட்டோம், கொண்டுவா என்று அவன் கூப்பிட்டதால்தான் அண்ணன் கிளம்பினார். கண்கள் வீங்கியிருந்தன. மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தான்.

"இதைப் பாருங்க மேடம். அண்ணன் மேஜையில இருந்துச்சு. வியாழக்கிழமைதான் அந்த மெக்கானிக் பின்னாடி ரெண்டு ஷாக்கும் புதுசு மாட்டினதா பில் கொடுத்திருக்கான்."

இன்ஸ்பெக்டர் பில்லைப் படித்தாள். புதிய ஷாக் ஒரு ஜோடி, பின்பக்கம், மாட்டிய கூலி சேர்த்து. வியாழக்கிழமைத் தேதி. பின்னால் திருப்பினாள். பென்சிலால், அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், இரண்டு வரி எண்கள். வரிக்கு ஆறு இலக்கம்.

"இது என்ன?"

"அண்ணன் ஏதாவது கிறுக்கிட்டே இருப்பார். எடைக்கல்லைச் சோதிச்சு முத்திரை குத்துற ஆபீஸ்ல வேலை. வீட்டிலயும் அதே புத்தி."

பத்தரை மணிக்கு மெக்கானிக்கை அழைத்துவந்தார்கள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, நகக்கண்ணில் கரி. "நான் புதுசுதான் மாட்டினேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தம்பி பாய்ந்து பளாரென்று அறைந்தான். மெக்கானிக் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. ஏட்டு இடையில் புகுந்து பிரித்தார்.

பில்லில் புதுசு, வண்டியில் பழசு. இதற்குமேல் என்ன வேண்டும்? கைது ஆவணத்தில் இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கோர்ட். கோர்ட்டுக்குப் போனால் மெக்கானிக் உள்ளேதான். ஓர் உயிர் போன வழக்கில் அவசரப்பட்டு ஜாமீன் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.30

மாட்டாமல் அமுக்கிய புது ஷாக் ஒர்க் ஷாப்பில் இருக்கிறதா என்று தேட, மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குள் செய்தி பரவியிருந்தது. ஷட்டரில் யாரோ தாரால் "கொலைகாரன்" என்று எழுதியிருந்தார்கள். உள்ளே விட்டிருந்த மூன்று வண்டிகளில் இரண்டை அவற்றின் சொந்தக்காரர்கள் அரைகுறை வேலையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மெக்கானிக் அந்த எழுத்தை ஒரு தடவை படித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. மூலையில் கழற்றிப்போட்ட பழைய ஷாக்குகள் ஒரு குவியல். ஒவ்வொரு குழாயின் அடிவயிற்றிலும், ஒரே இடத்தில், சுண்டுவிரல் நுழையாத அளவில் ஒரு துளை.

"இதென்ன, எல்லாத்திலயும் ஓட்டை?"

"நான்தான் மேடம் போடறேன். கழட்டின உடனே ட்ரில்லால ஒரு ஓட்டை போட்டு எண்ணெயை வடிச்சிருவேன். இல்லன்னா எவனாவது பொறுக்கிட்டுப் போய், கறுப்பு பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு எவன் தலையிலயாவது கட்டிருவான். மலைரோட்டுல போறவன் சாவான்."

ஏட்டு சிரித்தார். "ரொம்ப நல்லவர்தான்."

"அந்தக் காரோட பழசு எங்கே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கையோட கேட்டு வாங்கிட்டுப் போயிட்டார். நான் வேலை பார்க்கும்போது பக்கத்திலயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணுவார். கொஞ்சம் கழுத்தறுப்புதான். ஆனா மரியாதையா பேசுவார்."

"தம்பி அப்படிச் சொல்லலையே. டிக்கியில எதுவும் இல்லையாம். பழசை நீங்க கொடுக்கவே இல்லைன்னு சொல்றார்."

"அவர் சொல்லட்டும். நான் கொடுத்தேன்."

"அப்ப புதுசு மாட்டின வண்டியில பழசு எப்படி முளைச்சுது?"

மெக்கானிக் வாசலுக்கு வந்தார். போலீஸ் ஜீப்பின் பின்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். ஜீப் தொட்டில் மாதிரி நான்கைந்து தடவை ஆடியது.

"ஷாக் நல்லா இருந்தா அமுங்கி, எழும்பி, நின்னுரும். போயிருச்சுன்னா இப்படி ஆடும். வியாழக்கிழமை அவர் முன்னாடியே அமுக்கிக் காட்டினேன். நின்னுச்சு. அவரும் ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டுத்தான் போனார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது மேடம்."

தேடியதில் புது ஷாக் எதுவும் அகப்படவில்லை. சுவரில் ஒரு ஆணியில் குத்தியிருந்த ஆர்டர் சீட்டுகளை இன்ஸ்பெக்டர் புரட்டினாள். அதே மாடலுக்கு, பின்பக்கம், இன்னொரு ஜோடி என்று ஒரு சீட்டு. "திங்கள் வரும்" என்று மெக்கானிக் ஓரத்தில் குறித்திருந்தார்.

"இது யாருக்கு?"

"அதே வீட்டுக்குத்தான். அவர் கையால எழுதிக் கொடுத்தது. கடையில அன்னிக்கு ஒரு ஜோடிதான் இருந்துச்சு."

உதிரியாக இன்னொரு ஜோடி வாங்கி வைக்கிற ஜாதி போல என்று நினைத்து அவள் சீட்டைப் பில்லோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அடியில் பொடியாக எழுதியிருந்ததை அப்போது படிக்கவில்லை. அன்று அவள் செய்த இரண்டாவது தவறு அது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.00

அண்ணன் கீழே, தம்பி மாடியில் என்று ஒரே வீடு. உடல் வந்திருந்தது. கூடத்தில் ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். போர்ட்டிகோவில் இரண்டு கார் நிற்கும் அகலம்; ஒரு பக்கம் காலி. மறுபக்கம் அதே சாம்பல் நிறத்தில், அதே மாடலில், கதவு நசுங்கி, பம்பரைக் கம்பியால் கட்டிய ஒரு கார் மலைச் சேற்றோடு நின்றது.

ஷூவுக்குள் புகுந்த கல்லைத் தட்ட இன்ஸ்பெக்டர் அந்தக் காரின் டிக்கிமேல் கையை ஊன்றினாள். அவளுடைய கனத்துக்கு வண்டி அமுங்கியது. கையை எடுத்ததும் எழும்பி நின்றது. அவள் ஷூவை மாட்டிக்கொண்டாள்.

தம்பி வெளியே வந்தான். "என்ன மேடம், அந்த ஆளு ஒத்துக்கிட்டானா?"

"இல்ல. இது உங்க வண்டியா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

"அப்பா ஒரே நாள்ல எடுத்துக் கொடுத்தது. எட்டு வருஷம் ஆச்சு. அண்ணனுக்குப் புதுசு. எனக்கு ஷோரூம்காரன் ஆறு மாசம் ஊருக்கெல்லாம் ஓட்டிக் காட்டின வண்டி. மத்தபடி அதே மாடல், அதே கலர்." சிரிக்க முயன்றான்.

"சர்வீஸ் எல்லாம் இதே மெக்கானிக்தானா?"

"சர்வீஸா? எனக்கு எங்க நேரம்? ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன். எட்டு வருஷத்துல எண்ணெய் தவிர எதையும் மாத்தினதில்ல."

"என்ன வேலை பண்றீங்க?"

"பம்ப் கம்பெனியில ஃபிட்டர்."

"வெள்ளிக்கிழமை எங்கே இருந்தீங்க?"

"வீட்லதான். லீவு போட்டிருந்தேன். சனிக்கிழமை விடியக்காலையில கிளம்பணுமே, மூட்டை கட்டிட்டு இருந்தேன். ஏன் மேடம்?"

"சும்மாதான். எழுதணும்ல."

கைகழுவக் கொல்லைப்புறம் போனாள். தண்ணீர் டிரம் ஒன்று. அதன் தகர மூடி காற்றில் பறக்காமல் இருக்க மேலே இரண்டு இரும்புக் குழாய்களை அருகருகே படுக்கவைத்திருந்தது. ஒன்றின்மேல் வெள்ளை பெயின்டால் 'வ' என்றும் மற்றதன்மேல் 'இ' என்றும் எழுதி, கீழே வியாழக்கிழமைத் தேதி. செத்துப்போன மனிதர் டிரம் மூடிக்கும் பதிவேடு வைத்திருந்தார் போலிருக்கிறது என்று நினைத்தபடி அவள் கைகழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.30

ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவி மாவுக்கட்டுக் காலோடு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அழுது முடித்திருந்தார். பேச்சு தெளிவாக இருந்தது.

"அவர் நாப்பதுக்கு மேல ஓட்டவே மாட்டார். பின்னாடி இருக்கிறவனெல்லாம் திட்டிட்டுப் போவான். நேத்து எண்பதுல போனார். நான் பயந்து கையைப் பிடிச்சேன். 'புது ஷாக் மாட்டியாச்சு, பயப்படாத, வண்டி தரையைக் கவ்விட்டுப் போகும்'னு சொன்னார். அந்த மெக்கானிக்கை நம்பினார் பாருங்க."

"கொழுந்தனார் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்?"

"அஞ்சே முக்காலுக்கு. குழந்தைக்கு மூச்சு இழுக்குது, அந்த ஊர்ல மருந்து கிடைக்கல, உடனே கொண்டுவான்னு. நாங்க அப்படியே கிளம்பிட்டோம். அடுத்த ரெண்டாவது நிமிஷம் மறுபடியும் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்."

"என்ன சொன்னார்?"

"பாலத்துக்கிட்ட ரோடு மோசமா இருக்கு, மெதுவா வரச் சொல்லுங்க அண்ணின்னார்."

"அவசரம்னு கூப்பிட்டுட்டு, மெதுவா வாங்கன்னா?"

"ஆமா. அங்க குழந்தை மூச்சுக்குத் தவிக்குது, கொழுந்தனார் ரெண்டு தடவை அதையே சொல்றார். பாசம்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்குள்ள அங்கயே ஒரு டாக்டர் கிடைச்சு குழந்தை சரியாயிருச்சாம். பாவம், நேத்துலேருந்து எனக்காக அலையறார். அவர்தான் எல்லாத்திலயும் கையெழுத்து போடறார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அண்ணன் தம்பி எப்படி?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "இவர் தம்பி மேல உயிரையே வச்சிருந்தார். தம்பிக்குத்தான் ஒரு வயித்தெரிச்சல் உண்டு. சின்ன வயசுல இவர் சட்டை, இவர் சைக்கிள், இவர் புஸ்தகம்னு பழசாவே போய்ச் சேர்ந்துச்சாம். வெள்ளிக்கிழமை காலையில ஆபீஸ் கிளம்பும்போதுகூட இவர், 'மலைக்கு என் வண்டியை எடுத்துட்டுப் போடா, ஷாக் புதுசு'ன்னார். 'நீ ஓட்டிக் கழிச்சது எனக்கு வேணாம்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டார். இவர் நடந்தே ஆபீஸ் போயிட்டார். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்."

"கழட்டின பழைய ஷாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தாரா?"

"கொண்டுவராம? ஒரு ஆணியைத் தூக்கிப் போட மாட்டார். டிரம் மூடி மேல வச்சிருக்கார்."

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40

ஸ்டேஷன் வளாகத்தில் நொறுங்கிய கார் கிடந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை ஏட்டிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். இடுப்பு சுரீரென்றது. எண்ணெயும் மண்ணும் அப்பிய ஷாக்கின் அடிவயிற்றைத் துணியால் துடைத்து விரலால் தடவினாள். பிறகு அடுத்தது.

"மேடம், நாளைக்கு கோர்ட்டு. யூனிஃபார்ம் பாழாகுது."

"ஏட்டு, இதில ஓட்டை இருக்கா பாருங்க."

அவரும் குனிந்து தடவிப் பார்த்தார். "இல்லையே. வழவழன்னு இருக்கு."

அவள் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். சட்டைப்பையிலிருந்து பில்லை எடுத்துப் பின்பக்க எண்களைப் படித்தாள். அப்புறம் ஆர்டர் சீட்டின் அடியில் பொடியாக இருந்ததைப் படித்தாள். படித்ததும் எழுந்து லாக்கப்புக்கு நடந்தாள்.

மெக்கானிக் சுவரோரம் குந்தியிருந்தார். கன்னத்தில் விரல் தடம் கறுத்திருந்தது. "நாளைக்குக் காலையில ஒரு வேலை இருக்கு. இன்னிக்கு ஒரு ராத்திரி பொறுத்துக்கங்க," என்றாள். அவர் தலையை ஆட்டினார். அங்கே அண்ணனைச் சுடுகாட்டுக்குத் தூக்கும் நேரம். தோள் கொடுக்கத் தம்பி போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அந்த இரக்கத்துக்கான விலையை லாக்கப்பில் இருந்தவர் கொடுத்தார். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

திங்கட்கிழமை, காலை 7.00

தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்தான். போர்ட்டிகோவில் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். ஏட்டு டிரம் மூடியிலிருந்து எடுத்துவந்த இரண்டு குழாய்களைத் தரையில் வைத்தார்.

"இது உங்க அண்ணன் காரோட பழைய ஷாக்," என்றாள் அவள். "வலது, இடதுன்னு எழுதி, தேதியும் போட்டிருக்கார். மெக்கானிக் போட்ட ஓட்டையும் இருக்கு. வியாழக்கிழமை கழட்டியாச்சு."

"அப்படியா? நான் கவனிக்கல மேடம்."

"நானும்தான் கவனிக்கல. பக்கத்துல நின்னு கைகழுவினேன். இப்ப சொல்லுங்க. அண்ணன் காரோட பழசு இங்க கிடக்கு. அப்ப ஓடையில விழுந்த காரில மாட்டியிருக்கிற பழசு யாரோடது?"

தம்பி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மெக்கானிக் மாட்டாம ஏமாத்தியிருந்தா இந்த ரெண்டும் இன்னும் வண்டியிலதான் இருக்கணும். ஏமாத்தாம இருந்தா வண்டியில புதுசு இருக்கணும். ரெண்டும் இல்ல. ஓட்டையே விழாத மூணாவது ஜோடி ஒண்ணு இருக்கு. இதே மாடல் காரில எட்டு வருஷம் ஓடி, எண்ணெய் வடிஞ்சு செத்த ஜோடி. இந்த வீட்ல அப்படி ஒரே ஒரு கார்தான் இருந்துச்சு."

"வேற யாராவது…"

அவள் அவன் காரின் பின்மூலையை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்தாள். வண்டி எழும்பி, அசையாமல் நின்றது.

"எட்டு வருஷமா எதையும் மாத்தலைன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. எங்க ஜீப்புக்கு மூணு வருஷம்தான் ஆச்சு, தொட்டிலாட்டம் ஆடுது. ஏட்டு, கீழ போங்க."

ஏட்டு டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தார். இன்ஸ்பெக்டர் பில்லைத் திருப்பிப் பிடித்தாள்.

"வலது பக்கம், மேல குத்தியிருக்கிற நம்பரைப் படிங்க."

"நாலு… ஏழு… ஒண்ணு… சைபர்… மூணு… எட்டு."

"இடது?"

"நாலு, ஏழு, ஒண்ணு, சைபர், நாலு, ரெண்டு."

அவள் பில்லை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பென்சிலால், அச்சடித்த மாதிரி, அதே இரண்டு வரிகள்.

"கிறுக்கல்னு சொன்னீங்க. புதுசா மாட்டின ஒவ்வொண்ணுலயும் குத்தியிருந்த நம்பரை உங்க அண்ணன் பார்த்து எழுதியிருக்கார். மெக்கானிக்கை மாட்டிவிடணும்னு இந்தப் பில்லை எங்கிட்ட ஓடி ஓடிக் கொண்டுவந்து கொடுத்தது நீங்கதான். பின்னாடி திருப்பிப் பார்த்தீங்க, புரியல. வெள்ளிக்கிழமை அண்ணன் ஆபீஸ்ல, அண்ணி அக்கா வீட்ல. ரெண்டு வண்டிக்கும் ஜாக்கி வச்சு, பின்னாடி நாலு போல்ட், நாலு நட்டு. ஃபிட்டருக்கு ஒரு மதியம் போதும். சனிக்கிழமை புது ஷாக்குல நீங்க மலைக்குப் போனீங்க. உங்க செத்த ஷாக்கை அண்ணன் வண்டியில தொங்கவிட்டுட்டுப் போனீங்க. குழந்தைக்கு முடியாமப் போனதும் அவசரமா கூப்பிட்டுட்டீங்க. கூப்பிட்ட அப்புறம்தான் அவர் எந்த வண்டியில வருவார்னு உறைச்சிருக்கு. அதான் ரெண்டாவது போன். பாலத்துக்கிட்ட மெதுவா வாங்கன்னு. ஏன் மெதுவான்னு மட்டும் சொல்லல."

தம்பி காரின்மேல் சாய்ந்தான். கார் லேசாக அமுங்கி நின்றது.

"திரும்பி வந்ததும் மாத்திரலாம்னுதான் நினைச்சேன்," என்றான். "ரெண்டு நாள். அவன் நாப்பதுல உருட்டுறவன், அவனுக்குத் தெரியக்கூடப் போறதில்லன்னு… பொறந்ததிலிருந்து அவன் கழிச்சதுதான் மேடம் எனக்கு. அவன் சட்டையில பட்டன்கூட வேற கலர்ல இருக்கும். ஒரே ஒரு தடவை, என் பழசை அவன் ஓட்டட்டும்னு தோணிச்சு. அவ்வளவுதான். அவன் சாகணும்னு நான் நினைக்கல."

"தெரியும்."

"தெரியாம நடந்துபோச்சு."

"அண்ணன் செத்தது தெரியாம நடந்துச்சு. மெக்கானிக்கை அறைஞ்சது? அது தெரியாமயா? சனிக்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தா உங்களுக்காக நானும் அழுதிருப்பேன். நீங்க அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பிட்டு அண்ணிக்கு மருந்து வாங்கப் போயிட்டீங்க."

சட்டைப்பையிலிருந்து ஆர்டர் சீட்டை எடுத்தாள். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சட்டப்படி அதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. லாக்கப்பில் குந்தியிருந்தவரின் கன்னம் ஞாபகம் வந்தது. கொடுத்தாள்.

அதே பென்சில், அதே கையெழுத்து. பின்பக்க ஷாக், ஒரு ஜோடி. அதற்கடியில் பொடியாக: "தம்பி வண்டிக்கு. அவனிடம் சொல்ல வேண்டாம்; மறுப்பான். மலையிலிருந்து வந்ததும் நானே வண்டியைக் கொண்டுவருகிறேன். கட்டாயம் புதியதாக இருக்க வேண்டும்."

அவன் அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. சீட்டை மடிக்கத் தெரியாதவன் போலக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். மாடிப்படியில் அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, காலை 9.15

ஆஸ்பத்திரிக்கு ஏட்டை அனுப்பியிருக்கலாம். இன்ஸ்பெக்டரே போனாள். சுருக்கமாகச் சொன்னாள். அண்ணனின் மனைவி முழுவதையும் கேட்டார். கடைசியில், "கேட்டிருந்தா இவரே ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்து கழட்டிக் கொடுத்திருப்பாரே," என்றார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, தான் கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்.

திங்கட்கிழமை, காலை 11.30

கோர்ட்டில் உண்மையைச் சொல்லி விடுவித்த கையோடு மெக்கானிக்கை ஜீப்பிலேயே கொண்டுபோய் ஒர்க் ஷாப்பில் விட்டாள். வழியில் மன்னிப்புக் கேட்டாள். அவர், "சரி மேடம்," என்றார். அந்தச் 'சரி'யில் மன்னித்தாரா என்று கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

மிச்சமிருந்த மூன்றாவது வண்டியையும் யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்ததும் உள்ளே எதையோ தேடப் போய்விட்டார். மெக்கானிக் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஷட்டரின் எழுத்தைத் துடைக்க ஆரம்பித்தார். தார் போகவில்லை, பரவியது.

அப்போது உதிரிபாகக் கடையின் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இரண்டு நீளமான அட்டைப்பெட்டிகளை இறக்கினார்.

"பின்பக்க ஷாக், ஒரு ஜோடி. திங்கக்கிழமைக்குக் கேட்டிருந்தீங்களே. எங்க வைக்கணும்?"

மெக்கானிக் துணியைக் கையில் பிடித்தபடி பெட்டிகளைப் பார்த்தார். ஒரு கார் ஸ்டேஷனில் நொறுங்கிக் கிடந்தது. இன்னொன்றை அரைமணி நேரத்துக்கு முன்புதான் சாட்சிப்பொருளாக அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க," என்றார். "அந்த வண்டி இனி வராது."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளை ஏற்றினார். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ போன பிறகும் மெக்கானிக் துடைத்துக்கொண்டிருந்தார்.